முப்பது மூச்சு

கண்ணு,

நேற்று எஸ்.டி.டி. பூத்தில் இருந்து நான் சொன்னதைக் கேட்டு நீ சிரித்தாய். சிரித்தது தப்பில்லை. பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, மீட்டர் ஓட ஓட, ஒருத்தி அவசரமாகக் கூப்பிட்டு, "சாமி, கயிறு புடிக்கறப்ப வாட்சைப் பாத்து எண்ணு, உன்ற மூச்சை எண்ணாத" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். "ஏனம்மா, நீ சொல்லிக் குடுத்ததுதான அது? முப்பது மூச்சு. அப்பனுக்கு நீ எண்ணுனதுதான?" என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் பூத்துக்காரப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடுதாசில எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை துறைமுகத்தில் உங்களுக்கு முங்குகிற பயிற்சி என்று எழுதியிருந்தாய். முதுகில் காற்றுத் தொட்டி இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு போய், அடியில் கிடக்கும் இரும்புத் துண்டை எடுத்து வரவேண்டும். இறங்குகிறவன் அந்தோணி, மேலே கயிறு பிடிக்கிறவன் நீ. வாத்தியார் கையில் வாட்ச் இருந்தாலும், உன் ஜோடிக்கு நீதான் பொறுப்பு, நீ உன் மூச்சை வைத்தே எண்ணப் போகிறாய் என்று பெருமையாக எழுதியிருந்தாய். சனிக்கிழமைக்குள் இந்தக் கடிதம் கொச்சிக்குப் போய்விடும் என்று சோமனூர் தபாலாபீசில் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். முன்னே பின்னே இருக்கும். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

அந்தக் குழாயில் இருந்து தொடங்குகிறேன். இரண்டு மாதம் முன்னே அதைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு ஸ்பிரிங்கு, அதைத் திருகத் திருகக் காற்றை இழுப்பது கடினமாகும், மூக்குக்குத் துணி கிளிப்பு மாதிரி ஒன்று மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் அதில் மூச்சு இழுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் துடுப்புச் செருப்பு போட்டுக்கொண்டு நீச்சல் தொட்டியில் எட்டுச் சுற்றுக்கு மேல் உன்னால் முடியாதாம், ஒரு மாதம் குழாய் இழுத்த பிறகு பதினொன்று போனாயாம். காலுக்கு ஒரு பயிற்சியும் கொடுக்காமல் கால் எப்படிக் கூடுதலாக ஓடுகிறது என்று வாத்தியாரைக் கேட்டதற்கு, மூச்சை இழுக்கிறதும் ஒரு சதைதான், அது களைத்துப்போனால் காலுக்குப் போகிற ரத்தத்தையும் சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அதைப் பழக்கிவிட்டால் காலுக்கு உள்ளது காலுக்கே போகும் என்று சொன்னாராம். இதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊரில் ஒரே லைனில் இரண்டு தோட்டத்து மோட்டார் ஓடுமே, மேல்தோட்டத்துக்காரர் போட்டதும் கீழ்த்தோட்டத்தில் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்குமே, அதுதானே? சரியா என்று வாத்தியாரிடம் கேட்டு எழுது. இன்னொன்றும் கேள். அந்தச் சதை நெஞ்சில் இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா? எனக்கு வலித்தது விலாவுக்குக் கீழே.

எனக்கு வலித்ததா என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தக் கடிதத்தின் கடைசியில், "நீயும் அப்பாவும் ஊதுவீங்களே பப்பாளித் தண்டு, அதையேதாம்மா இங்க பிளாஸ்டிக்ல செஞ்சு வெச்சிருக்கறாங்க" என்று எழுதியிருந்தாய். மறுநாளே தறிப்பட்டறைக்குப் பின்னால் நிற்கிற பப்பாளியில் ஒரு தண்டை ஒடித்துவிட்டேன். பால் போகக் கழுவி, ஒரு நாள் நிழலில் போட்டு, அப்புறம் வாயில் வைத்தேன். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம். என்னோடு நூல் சுற்றுகிற சரசு பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, பீடி பத்தலைன்னு சுருட்டே வெச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். உன் அப்பா போனபிறகு அவர் சம்பந்தப்பட்ட ஒன்றைத் தொட்டுவிட்டு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

உன் அப்பா என்ன வேலை செய்தார் என்று உனக்குத் தெரியும், ஆனால் எப்படிச் செய்தார் என்று நீ பார்த்ததில்லை. கிணற்று மேட்டுக்கு உன்னை அவர் வரவிட்டதே இல்லை. அன்னூரைச் சுற்றி யார் கிணற்றில் எது விழுந்தாலும், முதலில் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டிவிட்டுத் துழாவிப் பார்ப்பார்கள். அதில் சிக்காவிட்டால் ஆள் அனுப்புவார்கள். குடம், சங்கிலி, எருமைக்கன்று எல்லாம் எடுத்திருக்கிறார். பெரும்பாலும் மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வு. அதில் பாசியும் துணியும் அடைத்துக்கொள்ளும், முங்கிக் கழற்ற வேண்டும். அந்தக் கிணறுகளில் நாமாகப் போய் ஒரு குடம் தண்ணீர் சேந்த முடியாது. ஆனால் குடம் விழுந்துவிட்டால் உன் அப்பா உடம்பு முழுக்க அதே தண்ணீரில் நனையலாம். இதை நான் ஒருமுறை அவரிடம் சொன்னபோது, "மேல இருக்கறவங்க கெணறு அது புள்ள. அடியில இருக்கறது என்ற கெணறு" என்றார்.

தண்டு ஊதுவது அவராகக் கண்டுபிடித்தது. சின்ன வயசில் வாய்க்காலில் ஒளிந்து விளையாடும்போது தண்டு வழியாக மூச்சுவிட்டிருக்கிறார். கழுத்தளவு தண்ணீரில் நின்று அதில் காற்றை இழுப்பது எவ்வளவு சிரமம் என்று அப்போதே தெரிந்துகொண்டாராம். ஒரு கோடையில் தினமும் அப்படி நின்று பார்த்தார். அதற்கப்புறம் எண்பது படி கிணற்றில் சேற்றுக் கூடையோடு ஏறி இறங்கினாலும் அவருக்கு இளைப்பு வரவில்லை. மற்ற ஆட்கள் மூன்று நடைக்கு ஒருமுறை உட்காருவார்கள். இவர் ஆறு நடை போய்விட்டு, "ஏன்டா, உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஓட்டை கீட்டை விழுந்திருக்குதா?" என்று கேட்பார். ஏன் அப்படி ஆகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. உன் வாத்தியார் சொன்னதை அவர் கேட்டிருந்தால் அன்றைக்கு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்திருப்பார்.

கயிறு பிடிக்க அவருக்கு என்னைத் தவிர யார் மேலும் நம்பிக்கை இல்லை. இடுப்பில் ஒரு முனையைக் கட்டிக்கொண்டு இறங்குவார். வேலை முடிந்தாலோ மூச்சு முட்டினாலோ இரண்டு முறை ஆட்டுவார், நான் இழுக்க வேண்டும். ஆட்டாமலே இருந்தால்? அதற்குத்தான் அந்தக் கணக்கு. நம்மிடம் கடிகாரம் ஏது? "நீ மூச்சு உடறதை எண்ணு புள்ள. முப்பது வந்துருச்சுன்னா நான் ஆட்டுனாலும் ஆட்டாட்டியும் என்னைக் கேக்காத. இழுத்துப்போடு" என்றார்.

முதல் தடவை நான் செய்த கூத்தை நீ கேட்டதில்லை. அவர் தலை தண்ணீருக்குள் போனதும் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நாய் இளைப்பது மாதிரி இளைத்தேன். அதையும் எண்ணினேன். முப்பது அந்த நிமிஷமே வந்துவிட்டது. இழுத்தேன். பாதி கழற்றின வால்வை விட்டுவிட்டு மேலே வந்த மனுஷன் தண்ணீரைத் துப்பிக்கொண்டு, "தண்ணிக்குள்ள இருக்கறது நானு, எளைக்கறது நீயா?" என்று கேட்டார். கிணற்று மேட்டில் இருந்த ஆண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பப்பாளித் தண்டை ஒடித்துக் கையில் கொடுத்து, "அம்மணி, நீயும் பழகு. மூச்சு நிதானத்துக்கு வந்துரும்" என்றார். அப்படித்தான் நானும் தொடங்கினேன். நீ பள்ளிக்கூடம் போனதும் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தண்டை வாயில் வைத்து, மறுமுனையை விரலால் பாதி அடைத்து, காற்றை இழுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்போம். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. களை எடுக்கப் போகிற இடத்தில் எனக்கு முதுகு வலித்தாலும் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. அதற்கப்புறம் கயிறு பிடிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. நிதானமாக இழுத்து, நிதானமாக விட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன்.

இங்கேதான் நான் சொல்ல வேண்டியது வருகிறது. முதலில் எல்லாம் அவர் இருபத்தைந்து, இருபத்தாறில் கயிற்றை ஆட்டுவார். ஒரு வருஷம் போனதும் அது இருபத்திரண்டு ஆனது. அப்புறம் இருபது. கடைசிக் கோடையில் பதினெட்டிலேயே ஆட்டத் தொடங்கிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மாமா, உங்களுக்கு வயசாயிப்போச்சாட்ட இருக்குது. பதினெட்டுலயே கயித்தை ஆட்டறீங்க" என்று கேலி செய்தேன். அவர் யோசித்தார். "அப்படித் தெரியலையே புள்ள. உள்ள எப்பவும் இருக்கற நேரந்தான் இருக்கறேன்" என்றார். "எனக்கு எண்ணத் தெரியாதுங்களா?" என்று நான் விடவில்லை. இப்படி ஒரு நாள் இல்லை, பல நாள். அவர் முதலில் என்னைக் கேலி செய்தாரே, அதற்குப் பதிலுக்குப் பதில் என்று வைத்துக்கொள்.

அந்தக் கடைசி நாள் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். மேல்தோட்டத்துக் கிணறு. வால்வு துருப்பிடித்துக் கிடந்தது, இரண்டு முறை முங்கியும் கழலவில்லை. மூன்றாவது முறை இறங்கும் முன்னால் கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "இந்தத் தபா இருபத்தஞ்சு வரைக்கும் இருக்கறனா இல்லையா பாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான், "பாக்கலாம் பாக்கலாம்" என்றேன்.

எண்ணினேன். பதினெட்டில் ஆட்டவில்லை. இருபதில் ஆட்டவில்லை. இருபத்தொன்றில் தோட்டத்துக்காரர், "ஏம்புள்ள, நேரம் ரொம்ப ஆன மாதிரி இருக்குதே?" என்றார். அவர் கையில் வாட்ச் கட்டியிருந்தார். பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும் என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. என் கணக்கில் அவருக்கு நம்பிக்கை இருந்தது, பேசாமல் இருந்துவிட்டார். அவர் கேட்டதையும் நான் தலையாட்டியதையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கண்ணு. அவரும் ஒருபோதும் சொன்னதில்லை. முப்பது வந்ததும் இழுத்தேன். ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை. கயிறு கனத்தது. அவர் உடம்பில் எங்கேயும் ஒரு கீறல் இல்லை. வால்வு கையில் இருந்தது.

வந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "நீ சரியாத்தான எண்ணுன. உன்ற மேல ஒரு குத்தமும் இல்லை." அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒன்பது வருஷம் இருந்தேன். ஊரை விட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு இந்தப் பட்டறைக்கு வந்தபோதும், நீ முங்குகிற வேலைக்குத்தான் போவேன் என்று நின்றபோதும், நான் சரியாக எண்ணினேன் என்கிற ஒன்று எனக்குள் கல் மாதிரி இருந்தது. உனக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். முப்பது மூச்சு, அம்மா ஒன்றும் தப்பு செய்யவில்லை.

இப்போது அந்தத் தண்டுக்கு வருகிறேன். முதல் நாள் தண்டை வாயில் வைத்தபோது சரசு விளையாட்டாக, "எத்தனை நேரம் ஊதுவீங்க?" என்று கேட்டாள். அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பழைய முப்பதை எண்ணிக் காட்டினேன். பட்டறைத் தூசியில் என் மூச்சு குட்டையாகிப் போயிருந்தது. ஒன்றரை நிமிஷத்தில் முப்பது முடிந்தது. அதோடு மறந்துவிட்டேன். தினமும் இரண்டு வேளை ஊதினேன். உன் பதினொரு சுற்று எனக்கும் வருமா என்று பார்க்க ஆசை. தெருக்குழாயில் இருந்து இரண்டு குடத்தோடு வீட்டுக்கு வர, முன்பெல்லாம் இரண்டு இடத்தில் இறக்கி வைப்பேன். ஒரு மாதத்தில் அது ஓரிடமானது. இப்போது இறக்காமலே வருகிறேன். எனக்குக் கால் ஒன்றும் புதிதாக முளைக்கவில்லை. உன் வாத்தியார் சொன்னது நிஜந்தான்.

போன வாரம் பட்டறையில் கரண்ட் போய்விட்டது. சரசு வீட்டில் போய் உட்கார்ந்தோம். சும்மா காத்திருந்தால் எண்ணுவது எனக்குப் பழக்கம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபடியே எண்ணினேன். ஒன்றரை நிமிஷம் ஆனபோது நான் இருபத்தொன்றில்தான் இருந்தேன். திரும்ப எண்ணினேன். இருபத்தொன்று. மூன்றாவது முறை சரசுவைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். அவள், "ஏனுங்கக்கா, அழுவறீங்க?" என்று கேட்டாள்.

புரிகிறதா, கண்ணு? உன் அப்பாவுக்கு வயதாகவில்லை. அவர் சொன்ன மாதிரி உள்ளே எப்போதும் இருக்கிற நேரந்தான் இருந்தார். என் மூச்சுதான் நீண்டுபோயிருந்தது. நான் பதினெட்டு என்று கேலி செய்தது அவருடைய பழைய இருபத்தைந்து. நான் கேலி செய்ததால் அவர் கூடுதலாக இருந்து காட்டினார். தோட்டத்துக்காரர் கேட்ட அந்த இருபத்தொன்றில் பழைய முப்பது முடிந்திருக்கும். அவருக்குக் கையில் வாட்ச் இருந்தது, எனக்கு வாயில் கணக்கு இருந்தது. நான் கணக்கை நம்பினேன். அப்போதே இழுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. உன் வாத்தியாருக்குத் தெரிந்தாலும் தெரியலாம். கேட்டுவிட்டு, எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது. தெரியாமல் ஒன்பது வருஷம் இருந்துவிட்டேன், இனித் தெரிந்துகொண்டு இருக்கிறேன்.

அந்தக் கரண்ட் போன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உன் கடிதம் வந்தது. அம்மா மாதிரியே எண்ணுகிறேன், குழாய் இழுத்து இழுத்து என் மூச்சு இப்போது எவ்வளவு நிதானம் தெரியுமா என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் பூத்துக்கு ஓடினேன்.

குழாயை விட்டுவிடாதே. அது நல்லது. உன் கால் இன்னும் நாலு சுற்று ஓடட்டும். ஆனால் உன் மூச்சு உன்னுடையது. அது பழகப் பழக மாறும், பயந்தால் ஒரு மாதிரி, தைரியம் வந்தால் ஒரு மாதிரி. அதை வைத்துத் தண்ணீருக்குள் இருக்கிறவனுடைய மூச்சை அளக்காதே. கயிறு பிடிக்கிறவனுக்குத் தைரியம் கூடக் கூட, கீழே இருக்கிறவனுக்கு நேரம் குறைகிறது. வாட்ச் முள்ளைப் பார். மேலே நிற்கிற யாராவது, "நேரமாச்சே" என்றால், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தாலும் இழுத்துவிடு. வால்வு போனால் போகட்டும், இரும்பு போனால் போகட்டும். சீக்கிரம் இழுத்ததற்காகச் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள், நான் ஒன்றும் தேய்ந்துபோகவில்லை. அந்தோணி எத்தனை நேரம் இருந்தான் என்று கேலியும் செய்யாதே. அதையும் எழுதி வைத்துக்கொள். உன்னோடு கயிறு பிடிக்கிற பையன்களுக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. அம்மா இப்படிச் செய்தாள் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால், யாரோ ஒருத்தி என்று சொல்லிப் படி.

பொங்கலுக்கு நீ வந்தபோது அந்தோணி உன்னிடம் கொடுத்துவிட்ட கருவாடு இன்னும் ஒரு பிடி பானையில் இருக்கிறது. அதை அவன் வந்தால் அவனுக்கே குழம்பு வைத்துப் போடலாம் என்று வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மதியம் பட்டறையில் சொல்லிவிட்டு பூத்துக்கு வந்துவிடுவேன். அந்தப் பெண்ணிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கூப்பிடு. நீ பேசுவதற்கு முன்னால் போனை அந்தோணி கையில் கொடு. அவன் ஒரு வார்த்தை பேசட்டும், "அம்மா" என்றால் போதும். அதற்கப்புறம், இதையெல்லாம் படித்துவிட்டு உனக்கு என்னோடு பேச வேண்டும் என்று இருந்தால், நீ வாங்கிப் பேசு. நான் வைக்காமல் காத்திருப்பேன்.

உன் அம்மா